ரவை போகும் இடம்

அண்ணனின் சோலார் பேனலை உடைத்தது என் துப்பாக்கியிலிருந்து போன ரவைதான். அதை நான் அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். குறி தப்பிச் சுட்டுவிட்டேன் என்று ஊரில் பேசிக்கொண்டார்களே, அதை மட்டும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. நான் குறி வைத்தது மலையோர வரப்பை. வரப்பிலும் ரவை விழுந்தது, பேனலிலும் விழுந்தது, நடுவில் இருந்த ஆமணக்குச் செடியிலும் விழுந்தது. குறி வேறு, ரவை சிதறுவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவர்களிடம் பேசிப் பேசி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அப்பாவுக்கு நான் ஒரே பெண். மாதனூருக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் கொல்லையும், பயிர்ப் பாதுகாப்புக்கென்று அவர் லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கியும் வாரிசு என்ற முறையில் என் பேருக்கு வந்தன. பகலில் நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறேன். வீட்டுக்காரர் அதே கம்பெனியின் பஸ் டிரைவர். ஹைவேயில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு அலட்டாமல் போகிற மனிதர், நான் துப்பாக்கியை வெளியே எடுத்தால் போதும், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய்விடுவார். கேட்டால், ரெண்டு பேரில் ஒருத்தராவது முழுசாக இருக்க வேண்டாமா என்பார்.

இந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. எல்லாமே குழலின் வாய் வழியாகத்தான் போக வேண்டும். முதலில் கரிமருந்து, அதன்மேல் ஓர் அடைப்பு, அதன்மேல் ஈய ரவை, ரவை கொட்டிவிடாமல் இருக்க இன்னோர் அடைப்பு. ஒவ்வொன்றையும் கோலால் இறுக்கிவிட்டு, கடைசியாகப் பின்பக்கம், அடி விழுந்தால் பொறி விடுகிற கேப்பு மாட்டினால் தயார். ஒரு தரம் சுட்டுவிட்டு மறு தரம் கெட்டிப்பதற்குள் பன்றி மலையேறி, குட்டிகளுக்குக் கதையும் சொல்லி முடித்திருக்கும்.

ஆமாம், எல்லாம் காட்டுப்பன்றிக்காகத்தான். அதை நாங்கள் சுடக் கூடாது, அது சட்டம். விரட்டலாம். நானும் இதுவரை ஒரு பன்றியின் மயிரைக்கூடத் தொட்டதில்லை. வரப்பைப் பார்த்துச் சுட்டால், சத்தமும் தெறிக்கிற மண்ணும் சேர்ந்து அவற்றை ஓட வைக்கும். ரவை போடாமல் வெறும் மருந்தை மட்டும் வெடித்துப் பார்த்தேன். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் வேர்க்கடலையைத் தோண்டத் தொடங்கிவிட்டன. பட்டாசுக்கு அதுவும் இல்லை, நிமிரக்கூட இல்லை.

கொல்லையின் அமைப்பைச் சொன்னால்தான் மற்றது புரியும். மேற்கே மலை. கிழக்கே கிணற்று மேடு; நான் நின்று சுடுவது அங்கிருந்துதான். தெற்கே ஒரு குடோனின் உயர்ந்த மதில். வடக்கே அண்ணனுடைய கொல்லை. அண்ணன் என்றால் பெரியப்பா மகன். இரண்டு கொல்லைக்கும் நடுவே இடுப்புயரத்துக்குப் பொது வரப்பு. அந்த வரப்பை ஒட்டி, அவருடைய பக்கத்தில், மலையோரமாக இருக்கும் போர்வெல்லுக்கு மேலேதான் சோலார் பேனல்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். போன தேர்தலுக்கும் ஒப்படைத்தோம். துப்பாக்கி அங்கே சுவரோரம் சும்மா சாய்ந்திருந்த பருவத்தில் என் கொல்லையில் ஒரு செடி மிஞ்சவில்லை. பன்றிகள் டிராக்டரை விட ஆழமாக உழுதிருந்தன. அதற்குப் பிறகு துப்பாக்கி திரும்பி வந்தபோது குழலுக்குள் துரு பிடித்திருந்தது. அடுத்த விதைப்பு முளைத்து, பன்றிகளும் திரும்பி வந்திருந்த நேரம். அவசர அவசரமாகத் துடைத்து, அப்பா செய்வது போலவே மருந்தைக் கைமதிப்பாக, கொஞ்சம் தாராளமாகவே கொட்டி, தேங்காய் நாரைத் திணித்துச் சுட்டேன். பேனலில் கண்ணாடி முழுக்க விரிசல் ஓடிவிட்டது.

பேனலை மாற்றிக் கொடுத்துவிட்டோம். அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்கும் நேரம் அது. விசாரணைக்கு வருகிறவர்களிடம் கொடுக்க, பக்கத்துக் கொல்லைக்காரரும் ஆட்சேபணை இல்லை என்று ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அண்ணன் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"பேனல் போனா இன்னொரு பேனல். நாளிக்கு மாட்டுக்குக் கண்ணு போச்சின்னா? அத யாரு மாத்திக் குடுப்பா? நீ கோச்சிக்கினாலும் சரிம்மா, நான் போட மாட்டேன்."

லைசென்ஸ் போனால் துப்பாக்கி போகும். துப்பாக்கி போனால் கடலை போகும், அதுதான் ஒரு பருவம் பார்த்தாகிவிட்டதே. அப்புறம் வீட்டுக்காரர் சொல்கிறபடி அந்தக் குடோன்காரருக்கே கொல்லையையும் கொடுத்துவிட்டு, மதிலை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கட்டிக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான். எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை. நிலம் தெய்வம் என்றெல்லாம் நான் பேசுகிறவள் இல்லை. நாள் முழுக்க இன்னொருவர் சொல்லும் வேலையைச் செய்துவிட்டு வருகிறேன். நான் சொன்னபடி நடக்கிற இடம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அது அந்தக் கொல்லை.

அதனால் அண்ணனிடம் நேரிலேயே போய்க் கேட்டேன். ஒரு ரவைகூட வேறு பக்கம் போகாது என்று கண்ணெதிரே காட்டினால் கையெழுத்துப் போடுவாரா என்று. அவர் மாட்டைக் கட்டிக்கொண்டே, முதலில் காட்டு, அப்புறம் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் முடியாது என்று அர்த்தம். இருந்தாலும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

கம்பெனியில் ஷூ பெட்டிகளை அடுக்கி அனுப்பும் பெரிய கார்ட்டன்களில் கிழிந்தவற்றைக் கேட்டு வாங்கி வந்தேன். அவற்றைப் பிரித்து விரித்து, மலையோர வரப்பில் குச்சி நட்டு நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை பகலில், ஆடு மாடு யாருடையதும் மேயவில்லை என்று பார்த்துக்கொண்டு, கிணற்று மேட்டிலிருந்து சுட்டேன். மருந்து வேலூரில் லைசென்ஸ் கடையில் அளந்துதான் கொடுப்பார்கள். ஆகவே ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் யோசிக்க நிறைய நேரம் இருந்தது. வெடித்த பிறகு வீட்டுக்காரர் கொட்டகைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். நான் உயிரோடு இருக்கிறேன் என்று பதில் சொன்னால்தான் வெளியே வருவார்.

அப்பாவின் முறைப்படி கெட்டித்துச் சுட்ட முதல் கார்ட்டனைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. மூலைக்கு ஒன்று, விளிம்புக்கு ஒன்று, மீதி கார்ட்டனிலேயே இல்லை. பேனலில் ஒன்றோடு போனது அண்ணன் செய்த புண்ணியம்.

கட்டிங்கில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பீஸ் சரியாக வரவில்லை என்றால் ஒரே நேரத்தில் வெட்டும் அச்சையும் தோலையும் மாற்ற மாட்டோம். ஒன்றை மாற்றி வெட்டிப் பார்த்து, அப்புறம்தான் அடுத்ததைத் தொடுவோம். இல்லாவிட்டால் எதனால் கெட்டது, எதனால் சரியானது என்றே தெரியாமல் போகும். நான் முதலில் மருந்தைக் குறைத்தேன். மருந்து ஜாஸ்தியானால் வேகம் ஜாஸ்தி என்றுதான் அப்பா உட்பட எல்லாரும் நம்பினார்கள். வேகம் இருக்கட்டும், அந்த உதையில் ரவைகள் வாயை விட்டு வெளியே வரும்போதே ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுகின்றன. இருமல் மருந்து பாட்டிலின் மூடி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, மருந்துக்கும் அதே மூடி, ரவைக்கும் அதே மூடி என்று வைத்தேன். உடனே பாதிச் சிதறல் அடங்கியது.

ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரத்துணியால் குழலைத் துடைத்து, பிறகு காய்ந்த துணி விட்டேன். கரி படிந்த குழலில் இரண்டாவது வெடி முதல் வெடியைப் போல இருப்பதே இல்லை. கோலில், மருந்தும் ரவையும் சரியாக அடியில் போய் உட்கார்ந்தால் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமோ அந்த இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன். கோடு குழல் வாய்க்கு நேராக வந்தால் சரி. ஒரு நாள் ஆத்திரத்தில் இடித்து, ஒரு நாள் சோர்ந்துபோய்த் தட்டிக் கெட்டித்தால், ரவையும் ஒரு நாள் ஆத்திரமாகவும் ஒரு நாள் சோர்ந்தும்தான் போகிறது. எனவே ஒவ்வொரு தரமும் ஒரே கை அழுத்தம்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நான் என் தொழிலைக் காட்டினேன்.

நார் ஒரே அளவாக இருக்காது. அடைப்புக்கு வேறு ஏதாவது வேண்டும். ஆம்பூர்க்காரிக்கு வேறு என்ன தோன்றும்? தோல்தான். செருப்பு அறுந்தால் தோல், கதவு ஆடினால் தோல், குழாய் ஒழுகினால் வாஷருக்குத் தோல் என்று வாழ்கிறவர்கள் நாங்கள். சூப்பர்வைசரிடம் கேட்டு, கழிவில் கிடந்த துண்டுகளை கேட்டில் காட்டிவிட்டுக் கொண்டுவந்தேன். அதிலும் இளகின வயிற்றுப் பக்கத்துத் தோலை எல்லாம் ஒதுக்கிவிட்டு, முதுகுப் பக்கத்துக் கெட்டித் தோலாகப் பொறுக்கி, குழலின் அளவுக்கு வட்டப் பன்ச்சால் வெட்டினேன். ஒவ்வொன்றும் அவ்வளவு லட்சணம். எடுத்து நீட்டினால் பட்டன் கடையில் விற்றுவிடலாம்.

சுட்டேன். கார்ட்டன் நடுவில் ஒன்றுமே இல்லை. சுற்றிலும் வளையமாக ரவை, நடுவில் தாம்பாளம் வைக்கிற அளவு வெற்றிடம். மறுபடியும் சுட்டேன். மறுபடியும் அதே வளையம்.

ரவை சரியில்லை என்றேன். மருந்து ஈரம் என்றேன். காற்று என்றேன். ஸ்டேஷனில் யாரோ குழலை வளைத்துவிட்டார்கள் என்றுகூடச் சொன்னேன். தோலை மட்டும் குறை சொல்ல வாய் வரவில்லை. அது என்ன தப்பு செய்யும்? பதினேழு வயதிலிருந்து தோலைத் தடவிப் பார்த்தே எங்கே இழுக்கும் எங்கே இழுக்காது என்று சொல்கிறவள் பொறுக்கி எடுத்த தோல். அடுத்த வாரம் இன்னும் கெட்டியான துண்டாகப் பார்த்து வெட்டினேன். வளையம் இன்னும் பெரிதானது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. விசாரணைக்கு வருகிறோம் என்று ஸ்டேஷனிலிருந்து போன் வேறு வந்திருந்தது.

வீட்டுக்காரர் அந்தக் கார்ட்டனைக் கையில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். துப்பாக்கி விஷயத்தில் அவராக வாய் திறந்தது அதுதான் முதல் தரம். பஸ்ஸில் மாதனூர் ஸ்டாப்பில் படியில் நாலு பேர் நின்று இறங்கிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து ஒரு குண்டு ஆள் அவசரமாக இடித்துக்கொண்டு வந்தால், முன்னால் நிற்கிறவர்கள் ரெண்டு பக்கமும் விலகி விழுவார்கள், அந்த ஆள் நடுவில் இறங்கிப் போவார், தினமும் பார்க்கிறேன் என்றார். அப்புறம் மெதுவாக, என் முகத்தைப் பார்க்காமல், கேட்டார்.

"அந்த குண்டு ஆளு உன் தோலுதானோ என்னவோ?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. துப்பாக்கியைத் தொடவே பயப்படுகிறவர் எல்லாம் பாடம் எடுக்க வந்துவிட்டார் என்று முணுமுணுத்துக்கொண்டே போய் வரப்பில் தேடினேன். கார்ட்டனுக்கு நேர் பின்னால், மண்ணில் புதைந்து, என் லட்சணமான தோல் வட்டம் கிடைத்தது. கார்ட்டன் நடுவில் சின்னதாக ஒரு கிழிசல் இருந்ததை அதற்கப்புறம்தான் கவனித்தேன். ரவைக்கு நடுவே புகுந்து அதுதான் முன்னால் போயிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டேன். அவரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது, சொன்னேன். அவர் அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது இரண்டு தரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

அதன்பிறகு ஷூவின் உள்ளே பாதம் படுகிற இடத்தில் வைக்கும் அட்டை இருக்கிறதே, இன்சோல் போர்டு, அதில் வெட்டினேன். கனமே இல்லை. மருந்துக்கு மேல் மெல்லியதாக மூன்று வட்டம். ஒட்டாமல் தனித்தனியாக இருந்தால் வெளியே போனதும் அவை பிரிந்து காற்றில் நின்றுவிடும், ரவையைத் துரத்தாது. ரவைக்கு மேலே ஷூ பெட்டி மூடியில் வெட்டிய ஒரே ஒரு மெல்லிய வட்டம். சுட்டேன். முறத்தால் மூடிவிடலாம் போல எல்லாமே ஒன்றாக விழுந்திருந்தன. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். சத்தியமாகச் சொல்கிறேன், பெஸ்ட் ஒர்க்கர் என்று கம்பெனியில் மேடையேற்றிக் குக்கர் கொடுத்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் கார்ட்டனை நம்பவில்லை. வீட்டிலிருந்து ஒரு பழைய வேட்டியைக் கொண்டுவந்து, இரண்டு மூங்கிலில் விரித்துக் கட்டி, கரித்துண்டால் நடுவில் தானே ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்கு வெளியே ஒரு ஓட்டை விழுந்தாலும் பேச்சு முடிந்தது என்றார். கிணற்று மேட்டில் வந்து, என் பின்னால் நின்றார். நான் மூடியில் மருந்தை அளந்து, விளிம்பைத் தட்டிச் சமன் செய்தபோது, இன்னாமா புள்ளைக்கு இருமல் மருந்து குடுக்கற மாதிரி குடுக்கிறியே என்று சிரித்தார். நான் அட்டை வட்டங்களை எண்ணி எடுத்தேன். கெட்டிக்கும்போது பேச்சுக் கொடுத்தால் எனக்குப் பிடிக்காது.

வெடித்த பிறகு அவர்தான் முதலில் போனார். ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்தார். வட்டத்துக்கு வெளியே வேட்டியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் தேடினார். ஒன்றும் இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்தது. வீட்டுக்காரர் பஞ்சை எடுத்துவிட்டு, பேனா எடுத்துவரவா என்றே கேட்டுவிட்டார்.

அண்ணன் வேட்டியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் வாம்மா என்று சொல்லி, பொது வரப்பைத் தாண்டித் தன் கொல்லைக்குள் நடந்தார். நான் பின்னால் போனேன். வரப்பை ஒட்டின பக்கம் முழுக்க அவருடைய கடலை வேரோடு புரண்டு கிடந்தது. குளம்புத் தடம் எல்லாம் என் கொல்லைப் பக்கமிருந்து வந்திருந்தது. சில தடங்கள் பழையவை, சில அந்த வாரத்தவை.

"ரவை எங்க போவுதுன்னு இவ்ளோ பாத்தியே. பன்னி எங்க போவுதுன்னு ஒரு நாளாவது பாத்தியா?"

நான் திரும்பி என் கொல்லையைப் பார்த்தேன். மலையோர வரப்பில் சுடுகிறேன். மண் தெறிப்பது மலைப் பக்கம். பன்றி அந்தப் பக்கம் போகாது. கிழக்கே நான் நிற்கிறேன், தெற்கே மதில். அது வேறு எங்கே போகும்? இத்தனை வருஷமாக நான் விரட்டினேன் என்று பெருமைப்பட்ட பன்றி ஒவ்வொன்றும் இவருடைய கொல்லைக்குத்தான் வந்திருக்கிறது. இப்போது ரவையும் சிதறாமல் ஒரே இடத்தில் விழ ஆரம்பித்தால் பன்றி இன்னும் ஒழுங்காக இங்கே வரும். எனக்கு மூஞ்சி எரிந்தது.

ஏன் அண்ணா முதலிலேயே சொல்லவில்லை, பேனலையும் மாட்டையும் சொன்னாயே என்று கேட்டேன். அவர் குனிந்து ஒரு செடியை எடுத்து மண்ணைத் தட்டினார். காலியான காம்புதான் இருந்தது.

"சொன்னா இன்னா சொல்லுவ? நீயும் ஒரு லைசென்ஸ் வாங்கிக்கோண்ணான்னுவ."

அதையேதான் சொல்லியிருப்பேன். அதே வார்த்தையில் சொல்லியிருப்பேன்.

அவர் மெதுவாகப் பொது வரப்புக்கு வந்து, என் பக்கத்து முகத்தைக் காலால் தட்டிக் காட்டினார். அது வரப்பின் மலை முனை, அந்த இடத்துக்கும் பேனலுக்கும் நடுவே நாலு பேர் கைகோத்து நிற்கிற தூரம்தான் இருக்கும்.

"இங்க சுடு. மண்ணு இந்தப் பக்கம் தெறிச்சா அது மலைக்குத் திரும்பும்."

பேனல் பக்கத்திலேயே இருக்கிறது என்றேன். எனக்குத் தெரியும் என்றார்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து, பொழுது சாய்வதற்குள் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் மாட்டை வீட்டில் கட்டிவிட்டு வந்து, எனக்குப் பின்னால் கல்லில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் கொட்டகைக்குப் போகவில்லை, எங்களோடேயே நின்றார், பஞ்சு மட்டும் இருந்தது. நான் மூடியில் அளந்தேன், தட்டினேன். ஒன்றின் மேல் ஒன்றாக அட்டை வட்டங்களை விட்டேன். கோட்டை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்த்தேன்.

வெளிச்சம் போகிற நேரத்துக்குத் தாயும் குட்டிகளுமாக இறங்கின. கொல்லை நடுவுக்கு வரும்வரை காத்திருந்தேன். அவர் காலால் தட்டிக் காட்டின இடத்தைப் பார்த்துச் சுட்டேன். புகைக்குள் ஒன்றும் தெரியவில்லை, ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. புகை விலகியபோது கடைசிக் குட்டி மலையோர வரப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் பன்றியைப் பார்க்கவில்லை. எழுந்து நேராகப் பேனலிடம் போய், செல்போன் வெளிச்சத்தை அடித்து, கண்ணாடியை மேலிருந்து கீழாக உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். நான் மேட்டிலிருந்து இறங்காமல் நின்றேன். அந்த வெளிச்சம் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போய்ச் சேர ரொம்ப நேரமானது. அப்புறம் அதை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாளிக்கு வெடிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடு, மாட்ட புடிச்சிக் கட்டணும்," என்றார். "எங்க, அந்த பேப்பர குடு."